புது இடத்து மண்

சுரங்க மேலாளருக்கு ஆய்வகப் பெண் மேல் நெடுநாளாகவே சந்தேகம். ஆளுயரக் குழாயில் மண்ணை நிரப்பி, மேலிருந்து கரைசலைச் சொட்டவிட்டு, அடியில் வடிவதில் விலையுயர்ந்த அருமண் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அவள் சொல்வாள். 'சோதிக்காமலே சும்மா உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதித் தள்ளுறா' என்பது அவர் கட்சி.

கையும் களவுமாகப் பிடிக்க, ஒருநாள் அவரே ஒரு மூட்டை மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"புது இடத்து மண்ணும்மா. பார்த்துச் சொல்லு."

நாற்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. இதுவரை சோதித்ததிலேயே வளமான மண்ணாம்! வசமாக மாட்டினாள் என்று மேலாளர் இயக்குநரையே ஆய்வகத்துக்கு அழைத்து வந்துவிட்டார்.

"சார், இவ லட்சணத்தைப் பாருங்க! அது என் வீட்டுக் கொல்லை மண்ணு. ரோஜாச் செடிக்குப் பக்கத்துல நானே வெட்டி எடுத்தது!"

அவள் முகம் வாடவில்லை, மலர்ந்தது.

"நானும் நம்பல சார். நாலு குழாய்ல ஓட்டிப் பார்த்தேன். வெளி ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். அங்கயும் இதே அளவுதான். எந்த இடம்னுதான் தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

இயக்குநர் இரண்டு அறிக்கைகளையும் நிதானமாகப் புரட்டினார். பிறகு மேலாளரின் தோளில் பாசமாகக் கை போட்டார்.

"அது கம்பெனி குடுத்த வீடுதானே? எப்போ காலி பண்றீங்க?"