வெறும் வெளிச்சம்

"வெறும் வெளிச்சத்தை எவன் பாப்பான்? ஒரு மனுஷ உருவத்தையாவது வைங்களேன்!"

கல்யாணமான நாளிலிருந்து மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஓவியர் மசியவில்லை.

"உருவம்னு ஒண்ணு வந்தா அது என் வேலையே இல்லடி."

பால்நிற பிளாஸ்டிக் திரைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு எரியவிடுவார். அவ்வளவுதான். கண்காட்சிக்கு வருகிறவர்கள் கொட்டாவி விட்டபடி காபி இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

இன்று ஒருவரும் நகரவில்லை.

பெரிய திரைக்குப் பின்னால் மங்கலாக ஒரு நிழல் எழுந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருக்க, தள்ளாடித் தள்ளாடி முன்னால் வந்தது. இன்னொரு கை திரையில் பதிந்ததும் ஐந்து விரல்களும் பளிச்சென்று தெரிந்தன.

"அடேயப்பா!" என்றார் ஒரு பத்திரிகைக்காரர். "உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரத் துடிக்கிற மாதிரியே இருக்கு!"

விரல்கள் மெல்லச் சரிந்தன. நிழல் சுருண்டு தரையோடு அடங்கியது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவழியாக அவள் பேச்சைக் கேட்டுவிட்டார்! எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்ற கண்காட்சிக் கூட மேலாளரிடம் கேட்டாள்.

"பிரமாதமா நடிக்கிறாரே, யாருங்க அது?"

"நடிக்க யாரையும் கூப்பிடலையே மேடம்! ஒரு விளக்கு எரியலைன்னு சார் மாத்தப் போனார், அவர் மட்டும்தான் உள்ள இருக்கார்."

தட்டப்போன அவள் கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஒன்ஸ் மோர்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.