பின்னால் ஒரு ஹாரன்

“நிறுத்து! சொல்றது காதுல விழலையா? நிறுத்து!”

காரின் பின் ஜன்னல் வழியாக மாமியாரின் கத்தல் வந்தது. முன்னால் மலைப்பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கியரை ஒன்று குறைத்தாள்.

உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. “வாம்மா”, “சாப்பிட்டியாம்மா” என்பதைத் தவிர வேறு மாதிரி அவளிடம் பேசியே அறியாதவர் அத்தை. அந்த வாயிலிருந்து இப்படி மொட்டையாக ஒரு ‘நிறுத்து’ வருமென்று அவள் நினைத்ததில்லை.

காரை ஓட்டியவன் கணவன். பின்சக்கரத்தை இடிக்காத குறையாக உறுமிக்கொண்டே வந்தான். வளைவுக்கு வளைவு ஹாரன்.

“அம்மாவே சொல்லிட்டாங்க! பெரியவங்க பேச்சுக்காவது மரியாதை குடுத்து கார்ல ஏறு!”

“மேல போய்த்தான் காலைத் தரையில வைப்பேன்!”

வார விடுமுறைக்கு ஏரிக்கரையில் வீடெடுத்துத் தங்க வந்திருந்தார்கள். காலையில் கார் கூரையிலிருந்து அவள் சைக்கிளை இறக்கியதுமே சண்டை தொடங்கிவிட்டது. “அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது” என்பது சைக்கிள் வாங்கிய நாள் முதலாக அவன் பாடும் பாட்டு. அரைக்கால் சட்டை போட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது, ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினால் பிடிக்காது. அம்மா மட்டும் அவளிடம் நேராக எதுவும் சொன்னதில்லை.

கடைசியில் அவனே பந்தயம் கட்டினான். “மலை உச்சி வரைக்கும் இறங்காம மிதி, பார்ப்போம். நடுவுல கால் ஊனினா சைக்கிளை வித்துடணும்.”

“சரி,” என்றாள். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்றே வேலை பார்த்த கால்கள். அவற்றுக்கு இந்த மலை மிரட்டலாகத் தெரியவில்லை. பின்னால் வந்த ஹாரன்தான் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

கீழே ஏரி சுருங்கிச் சுருங்கி ஒரு தட்டளவுக்கு வந்துவிட்டது. மூச்சு நெஞ்சுக்கூட்டில் முட்டியது. அடுத்த வளைவில் எதிரே ஒரு லாரி இறங்கி வர, அதே நேரம் பின்னால் காது கிழிய ஹாரன் அலறியது.

அவள் துள்ளிப்போனாள். முன்சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கி, முழங்கை தடுப்புச்சுவரில் உரசிக்கொண்டே போனது. ஆனாலும் கால் ஊனவில்லை. ரத்தம் மணிக்கட்டு வரை ஓடி வந்தது. ஒரு பெடல், அடுத்த பெடல் என்று மிதித்து நிமிர்ந்தாள்.

“ஐயோ! நிறுத்துன்னா நிறுத்த வேண்டியதுதானே! உயிரோடயா விளையாடறது?” மாமியாரின் குரல் உடைந்துவிட்டது.

“பாத்தியா, அம்மாவ அழ வெச்சுட்டே!” என்றான் கணவன்.

அவளுக்கும் கண் முட்டியது. இவன் எதிர்க்கட்சி என்பது தெரிந்த விஷயம்தான், அத்தையுமா? அடுத்த நொடியே அந்த வருத்தம் கோபமாகிக் காலுக்கு இறங்கியது.

“மன்னிச்சுக்கங்க அத்தை! இன்னிக்கு உங்க பேச்சையும் நான் கேக்கறதா இல்ல!”

எழுந்து நின்று மிதித்தாள். உச்சியின் கம்பிவேலியைத் தொட்ட பிறகுதான் ஒரு காலைத் தரையில் வைத்தாள். தொடை வெடவெடவென்று நடுங்கியது. வேலிக்கு அப்பால் ஏரியும் காடும் வானமும் ஒன்றாக விரிந்து கிடந்தன. எதையும் பார்க்கவிடாமல் பின்னால் கார் வந்து நின்றது.

கதவு அறைந்து சாத்தப்பட்டது. பள்ளி வேன் ஓட்டியே மகனை ஆளாக்கிய மாமியார், முட்டிவலியையும் மறந்து விடுவிடுவென்று நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“இறங்கு.”

மருமகள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “முடியாது அத்தை. வீடு வரைக்கும் இதுலதான் போவேன். நீங்க என்ன சொன்னாலும் சரி.”

மாமியார் அவள் முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். கைக்குட்டையால் ரத்தத்தை ஒற்றி, அதையே இறுக்கிக் கட்டினார். பிறகு திரும்பிப் போய், மகன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை அகலத் திறந்தார்.

“அடிவாரத்துலேருந்து உன்னைத்தான்டா நிறுத்தச் சொல்லிக் கத்திக்கிட்டு வரேன். இறங்கு, நான் ஓட்டறேன்.”