செவ்வாயும் வெள்ளியும் நீங்கலாக

இந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேண்டுமானால் பிள்ளையார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். நடந்த அன்றே, ஒரு எழுத்து விடாமல் கொம்பியூட்டரில் தட்டிச் சேமித்து வைத்த கதை இது.

தில்லைநாதன் தன் கொம்பியூட்டர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தார். எதிர்ப்பக்கம் ஷிப்லியின் கடை. அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தல் அவருடைய வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது: 'உள்ளே இருப்பது அழியாமல், வின்டோசுக்குப் பக்கத்தில் லினக்ஸ் போட்டுத் தரப்படும். செவ்வாய், வெள்ளி நீங்கலாக.'

“வெள்ளி எண்டால் ஜும்மா. செவ்வாய் என்னத்துக்காம்?” என்று கடைக்கார வின்சன்ற்றிடம் கேட்டார்.

“அந்த ரெண்டு நாளும் இல்லாட்டி உங்கட கடைக்கு ஈ இலையான்தான் அண்ணை வரும்.”

குடியிருக்கும் வீட்டில் ஆட்களை எழுப்பாமல் சுவரைத் தள்ளிவைக்கிற வேலை அது. வன்தட்டில் கிடப்பதை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் எல்லையைச் சுருக்கி, மிஞ்சிய இடத்தில் லினக்ஸைக் குடியேற்ற வேண்டும். தில்லைநாதனுக்குத் தெரிந்த வைத்தியமோ ஒன்றே ஒன்று: அடியோடு துடைத்து போமற் அடிப்பது. வைரஸ் என்றாலும் போமற், மவுஸ் ஓடாவிட்டாலும் போமற். ஒருமுறை மொனிற்றர் வயர் கழன்றிருந்ததற்கும் போமற் அடித்துக் கொடுத்தார்.

டியூசன் நிலையம் நடத்தும் சிவபாதசுந்தரம் மாஸ்ரரின் இருபது கொம்பியூட்டர்களுக்கும் லினக்ஸ் வேண்டியிருந்தது. அந்த வேலை கைக்கு வராவிட்டால் கடையை இழுத்து மூடுவதுதான். தில்லைநாதன் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

“உம்மிட்டத் தந்தால் புதுசாத்தான் திருப்பித் தருவீர். பழசு ஒண்டும் மிஞ்சாது. பொடியளின்ர மார்க்ஸ் முழுக்க உதுக்குள்ள கிடக்கு,” என்றார் மாஸ்ரர். “ஷிப்லி முதல் ஒண்டைச் செய்து காட்டட்டும்.”

அந்த ஒன்றுதான் இந்தப் புதன்கிழமை காலை ஷிப்லியின் கடைக்குள் போயிருந்தது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. மனைவி நாகேஸ்வரி விரதம் பிடிக்கும் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிச் சாப்பாடு தேவாமிர்தம். மற்ற நாளெல்லாம் மீன்குழம்பு அடிப்பிடித்துக் கிடக்கும். கடையிலும் கரி, வீட்டிலும் கரி.

பத்து மணிக்கு ஷிப்லி கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைத்துப் புறப்பட்டான். அப்படியென்றால் வேலை தெரிந்தவன் வேறு எவனோ. எந்தக் கம்பஸ் இன்ஜினியரோ. தில்லைநாதன் அடுத்த ஓட்டோவில் பாய்ந்தேறினார்.

“மல்லி, அர வீல் எக்க பஸ்ஸென் யன்ன,” என்று முன் ஓட்டோவுக்குப் பின்னாலேயே விடும்படி சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார்.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் முன் ஓட்டோவை மறித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்; பின் ஓட்டோவை மறித்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள். எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டான். தில்லைநாதனுக்கே தெரியாது. வாய்க்கு வந்த பொய்யாகத் தன் வீட்டு விலாசத்தைச் சொல்லிவைத்தார்.

மூன்றே நிமிடத்தில் அந்தப் பொய் உண்மையாயிற்று. கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் திரும்பிய ஷிப்லி, தில்லைநாதன் குடியிருக்கும் தொடர்மாடி வாசலில் இறங்கி, பெட்டியோடு மேலே போனான்.

இப்போது எரிந்தது வேறு நெருப்பு. பகல் பத்து மணி. மேலே நாகேஸ்வரி தனியே. போய்ப் பார்க்கவும் பயம், பாராமல் இருக்கவும் முடியவில்லை. கீழ்ப்படியில் குந்தி முக்கால் மணித்தியாலம் எரிந்தார். ஷிப்லி இறங்கி வரவில்லை. கடைசியில் முஷ்டியைப் பொத்திக்கொண்டு நாலு மாடியும் ஏறினார்.

கதவு அகலத் திறந்திருந்தது. அடுப்படியில் ஷிப்லியின் மனைவி றலியா தேங்காய் துருவ, ஷிப்லி மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே அடிப்பிடித்திருந்தது.

முன்னறையில், அவர் எப்போதோ கைவிட்ட பழைய மொனிற்றரின் முன்னால் நாகேஸ்வரி. திரையில் ஒரு நீலக் கோடு நூற்றுக்கு எழுபத்தெட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“இஞ்ச என்ன நடக்குது?”

“மெல்லமாக் கதைங்க அண்ணன்,” என்றான் ஷிப்லி, அகப்பையோடு எட்டிப் பார்த்து. “அக்கா வேலை செய்யக்கொள்ள நானே மூச்சு விட மாட்டன்.”

“தம்பி, இவரைப் பிளக்குக்குக் கிட்ட விடாதேங்கோ,” என்றாள் நாகேஸ்வரி, திரும்பாமலே.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“மூண்டு தரம் சொன்னனான். பொம்பிளையள் உதில கை வைக்கப்படாது எண்டியள். எங்கட கலியாணப் படம் எல்லாத்தையும் நீங்கள் துடைச்ச அண்டைக்குத் தொடங்கினனான்.”

கோடு நூறைத் தொட்டது. நாகேஸ்வரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பொடியன்களின் மார்க்ஸ் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கணக்கில் பூச்சியம் எடுத்தவனின் பூச்சியம்கூடத் தப்பியிருந்தது.

தில்லைநாதன் கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். “உதை ஆரிட்டப் படிச்சனீர்?”

“உங்களிட்டத்தான். நீங்கள் செய்யிற ஒண்டையும் நான் செய்யிறேல்லை.”

இவ்வளவும் சத்தியம். இந்தக் கதையைச் சேமித்து வைத்திருந்த கொம்பியூட்டர் அடுத்த மாதம் பழுதானபோது, அதைத் திருத்தித் தந்தவர் தில்லைநாதன்.