சத்தம் வராத கேமரா

"அண்ணாச்சி, சட்டைப் பைக்குள்ள அடங்குத மாதிரி சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் யாசர்.

தென்காசியில் ஸ்டுடியோவும் கேமரா கடையும் வைத்திருக்கும் கைலாசத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. வடகரைக்காரன் யாசர். அவன் தங்கை சனோபரின் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரே இவர்தான். அந்த மாப்பிள்ளை பரீது சவுதியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். தாம் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்த வீட்டு ஆள் இப்படிக் கேமரா கேட்டு வந்து நின்றால் என்னதான் பேசுவது?

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தங்கச்சி எப்பிடிப்பா இருக்கா?" என்றார்.

"இருக்கா அண்ணாச்சி. கேமராவ எடுங்க."

"போன்லயே நல்லா எடுக்கலாமே. அப்பிடி எதை எடுக்கப் போறே?"

"தெருவத்தான். போற வாற ஆளுவள எடுக்கணும். குத்தாலம் கடைத்தெருவுக்கும் ஒரு எட்டுப் போவேன். சீசன் களகட்டியிருக்குல்லா."

கைலாசத்துக்குச் சுருக்கென்றது. வீட்டில் தங்கச்சி அந்தக் கோலத்தில் கிடக்கிறாள், இவனுக்குச் சீசன் கேட்கிறது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் கடை என்று திறந்து வைத்தாயிற்றே.

"இது முப்பது மடங்கு ஜூம்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

சுவிட்சைத் தட்டியதும் லென்ஸ் மூக்கை நீட்டியது. யாசர் அவரையே குறிபார்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கைலாசம் பாதி துக்கத்தோடு நின்றார். படம் பளிச்சென்று விழுந்தது. மீசையில் நரை எத்தனை என்று எண்ணிவிடலாம்.

"சரியா வரல அண்ணாச்சி."

"எது சரியா வரல?"

"மூக்கு நீளுது. ஆளுவ கண்டுக்கிடுவாவ."

அடுத்ததை எடுத்தார். "இதுல ஜூம் கெடையாது. ஆனா சென்சார் பெருசு. இருட்டுன பொறவும் நல்லா விழும்."

கிளிக் என்றது. கைலாசம் சத்தம் கேட்டுத் திரும்பி, மறுபடி முகத்தைச் சரிசெய்துகொண்டார். முதல் படத்தைவிட இது இன்னும் ஜோராக இருந்தது.

"இதுவும் சரியில்ல. சத்தம் போடுது. முன்னால லைட்டு வேற எரியுது."

"அப்போ உனக்கு என்னதாம்ப்பா வேணும்?"

"சத்தம் வரக் கூடாது. லைட்டு எரியக் கூடாது. எடுக்கது யாருக்கும் தெரியக் கூடாது."

சீசன் நேரத்தில், குற்றாலத்தில், யாருக்கும் தெரியாமல் படமா?

"யாசரு, பொம்பளையள் குளிக்க எடம்..."

"அருவிப் பக்கமே போக மாட்டேன் அண்ணாச்சி. பஜ்ஜிக் கடை, துண்டு விக்க கடை, அவ்வளவுதான்."

பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. அரைமனதாக மூன்றாவதை எடுத்து, சத்தத்தையும் விளக்கையும் அணைத்து அவன் கையில் கொடுத்தார். அதற்குள் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி முத்துவடிவு.

"என்னது, பூனையா? மீனையா? சட்டியோடயா? எனக்குன்னு வச்சிருந்த தலையையுமா தின்னுட்டு?... சரி விடு, அதுவாவது உன் கொழம்ப நல்லாருக்குன்னு சொல்லிச்சா?"

அந்தப் பக்கம் முத்துவடிவு என்ன சொன்னாளோ, மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான் எதிரே யாசர் நிற்பது நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு அவசரமாக முகத்தைத் தொங்கப்போட்டார்.

"இதுதான் அண்ணாச்சி. இதையே பில் போடுங்க."

கைலாசம் வாங்கிப் பார்த்தார். போனில் சிரிக்கும்போது எடுத்த படம் சரிந்திருந்தது. தலையில் பாதியைக் காணோம். கண் இடுங்கி, வாய் காதுவரை கிழிந்து, கடைவாய்ப் பல் இல்லாத பொந்துகூடத் தெரிந்தது.

"ஏம்ப்பா, அந்த ரெண்டுலயும் அவ்வளவு நல்லா விழுந்திச்சி. இதுல என்ன இருக்குன்னு இதக் கேக்கே?"

யாசர் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"சனோபரு, புருஷன் போனா இருக்க 'இத்தா'வுல இருக்கால்லா அண்ணாச்சி. நாலு மாசம் பத்து நாளு வீட்டை விட்டு வெளிய வர மாட்டா. பாக்க வாற பொம்பளையளும் வாசல்லயே முகத்த மாத்திக்கிட்டுத்தான் உள்ள வாறாவ. போனத் தொறந்தா மச்சான் படம் வந்து நிக்குன்னு, அதையும் தூக்கி அலமாரியில வச்சிட்டா. நேத்துதான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'அண்ணே, தெருவுல எல்லாரும் சும்மா எப்பிடி இருக்காவன்னு பாக்கணும்போல இருக்கு'ன்னா. நானும் என் போனத் தூக்கிட்டுப் போனேன். என்னையக் கண்டதும் டீ குடிக்கவன் கிளாஸக் கீழ வைக்கான். சிரிச்சிட்டு இருக்கவன் வாய மூடுதான். 'தங்கச்சி எப்பிடிப்பா இருக்கா'ன்னு கேக்கான். ஒரு படம் தேறல."

யாசர் அந்தக் கோணல் படத்தை மறுபடி ஒருதரம் பார்த்தான். "இருவத்து மூணு நாளா எங்க வீட்டுக்குள்ள வராத முகம் இது ஒண்ணுதான், அண்ணாச்சி."

கைலாசம் பில் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.