முதல் பக்கம் யாருக்கு?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தொண்டை கிழியக் கதறிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

ரசிக்காதவர் ஒருவர்தான். நர்சரிப் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் குழந்தைகளைக் கொஞ்சிக் கொஞ்சி இறக்கிவிடுகிற மனுஷன், பொழுது சாய்ந்தால் 'இரும்புக் குடல்' என்ற ராக் இசைக்குழுவில் பேய்க் குரலில் உறுமிப் பாடுவார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர் மனைவியே கல்யாணமான புதிதில், குளியலறையிலிருந்து வந்த சத்தத்தை மலச்சிக்கல் என்றுதான் நினைத்திருந்தாளாம்.

உள்ளே கதறுகிறவன் 'பிணவறை' குழுவின் பாடகன், காட்டேரி. இடுப்புவரை முடி, கழுத்தைச் சுற்றி மண்டையோடுகளைப் பச்சை குத்தியிருந்தான். ஒரு மேடையில் மைக்கையே கடித்துத் துப்பினானாம். அதைப் பார்த்தவர் யாருமில்லை, கேள்விப்படாதவரும் யாருமில்லை.

இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே இசைத்தட்டு போடுகின்றன, ஆளுக்கொரு பக்கம். செலவுதான் பாதிப் பாதி, சண்டை முழுசு. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்பது அவரவர் வீட்டு ஆட்கள் மட்டும்தான் என்பதால், முதல் பக்கம் யாருக்கு என்று இழுபறி. கடைசியில் ஒலிப்பதிவுக்கூடத்து அம்மாதான் பஞ்சாயத்து பண்ணினாள்.

"ஆளுக்கு ஒரு தடவை உள்ள போய்க் கத்துங்க. யாரு கத்தி எனக்குப் புல்லரிக்குதோ, அவங்களுக்கு முதல் பக்கம். உள்ள உக்காந்து பன்னு கின்னு தின்னாதீங்க, நேத்து சிந்தினதையே இன்னும் கூட்டலை. சிவப்பு விளக்கு அணையுற வரைக்கும் கதவையும் திறக்க மாட்டேன். போன மாசம் ஒருத்தர் பாதியில திறந்து எல்லாம் பாழாப் போச்சு."

கதவின் தாழ்ப்பாளும் வெளியேதான் இருந்தது.

வேன்காரரின் காதோரம் மச்சினன் குனிந்தான். குழுவில் டிரம் அடிக்கிறவன். "மாமா, முதல் பக்கம் நமக்கு வரலேன்னா வேற பாடகரைப் பாக்கலாம்னு பசங்க பேசிக்கிறாங்க."

"பசங்கன்னா யாருடா?"

"நானும்தான் மாமா."

காட்டேரி முதலில் என்னவோ சுமாராகத்தான் ஆரம்பித்தான். வேன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவுதானா, இதைவிட நம் வேன் ஹாரன் பயங்கரமாக இருக்குமே என்று கால்மேல் கால்கூடப் போட்டார்.

அந்தக் கால் உடனே இறங்கிவிட்டது.

உள்ளே காட்டேரி துள்ளி ஸ்டூல்மேல் ஏறினான். இடுப்புவரை முடியை இப்படியும் அப்படியும் உதறினான். வலது கால் பூட்ஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அடி அடி என்று அடித்தான். அப்போது எழுந்த அலறல் இருக்கிறதே, அது மனுஷத் தொண்டையிலிருந்து வந்த மாதிரியே இல்லை.

"என்னடா பாடுறான்?" வேன்காரர் மச்சினனைக் கேட்டார்.

"இந்தப் பாட்டுல வார்த்தை புரிஞ்சாத்தான் தப்பு மாமா. 'தொற, தொற'ன்னு என்னவோ கேக்குது. நரகத்து வாசலா இருக்கும்."

காட்டேரி கண்ணாடியில் வந்து மோதினான். கண்ணிரண்டும் பிதுங்கி, எச்சில் தெறிக்க, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். பிணவறைக்காரர்கள் எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார்கள். அவர்களுடைய கிடார்க்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இத்தனை வருஷத்துல இப்படிப் பாடினதே இல்லைங்க!"

இத்தனை வருஷம் தான் உறுமியதெல்லாம் ஏப்பம் என்று அந்த நிமிஷம் வேன்காரருக்குத் தெரிந்துபோயிற்று.

பாட்டு முடிந்து விளக்கு அணைந்தது. அந்த அம்மா தாழ்ப்பாளைத் தூக்கினதுதான் தாமதம், காட்டேரி ஒற்றைப் பூட்ஸோடு வெளியே வந்து விழுந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறக்கப் பார்த்தான். அதற்குள் கூட்டாளிகள் அவனை அப்படியே தோளில் தூக்கிவிட்டார்கள்.

"இங்க பாருங்க!" அம்மா முன்கையை நீட்டினாள். ரோமம் அத்தனையும் குத்திட்டு நின்றது. "அடுத்து நீங்க."

"வேணாம்மா. முதல் பக்கத்தை அவங்களே வெச்சுக்கட்டும்."

"சின்னப் புள்ளைங்க மாதிரி அழாதீங்க. உள்ள போங்க!"

மச்சினன் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

உள்ளே வேறு வெளிச்சமில்லை. பன் துணுக்குகளுக்கு நடுவே காட்டேரியின் பூட்ஸ் குப்புறக் கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கமும் போய், பாட்டும் போய், வீட்டில் மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

கண்ணாடிக்கு வெளியே, தோளிலிருந்து ஒருவழியாக இறங்கிய காட்டேரி அந்த அம்மாவின் மைக்கை நோக்கி ஓடி வந்தான். வேன்காரரின் காதுக்குள் அவன் குரல் கேட்டது. வேனில் வரும் எல்.கே.ஜி. பிள்ளையின் குரல் மாதிரி, மெல்லிசாக, அழுகிற மாதிரி:

"அண்ணே, அந்தக் கரப்பான் பறக்குதுண்ணே!"