ஆறு கால் நாய்

பெட்டிக்குள் கிடந்த ரப்பருக்கு முதலில் வகுப்பின் சிரிப்புச் சத்தந்தான் கேட்டது. பிறகு மூடி திறந்தது. தாளில் ஒரு நாய். பூங்கொடி அதற்கு ஆறு கால் வரைந்திருந்தாள்.

"அது ஓடுது டீச்சர்," என்றாள்.

"ஓடினாலும் நாலுதான். ரெண்டை அழி."

ரப்பர் ஒரு காலை அழித்ததும் நாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, ஓடிக்கிட்டிருக்கும்போதே காலைப் பிடுங்குறியே, நீயெல்லாம் ஒரு ஆளா?"

"நாய்க்கு எத்தனை காலுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ சுவத்துல தொங்குற குகைச் சித்திரத்து மானுக்கு மட்டும் எட்டு கால் எதுக்கு? 'ஆதிமனுஷன் ஓட்டத்தையே வரைஞ்சிருக்கான், பாருங்க'ன்னு இப்பத்தானே பாடம் நடந்துச்சு. அதைப் பார்த்துத்தான் இவளும் வரைஞ்சா. போ, அங்கே போய் அழி."

ரப்பர் மானை நிமிர்ந்து பார்த்தது. "அது சரித்திரம். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. கை வைக்க முடியாது."

"இவளுக்குக் கண்ணாடி இல்லை, அதனால கை வைக்கிறே."

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். தாளில் சேர்ந்திருந்த தூளைப் பூங்கொடி ஊதித் தள்ளினாள். ரப்பர் அடுத்த காலுக்கு நகர்ந்தது.