முதல் வரியில் யார்?

"உன் பிள்ளைதான் எல்லாத்தையும் தின்னுது, லுபோ," என்றாள் குழுத்தலைவி யிட்கா.

புர்னோ நகர அலுவலகமே கலங்கியிருந்தது. வாடிக்கையாளரின் சர்வர் நத்தையாய் ஊர்ந்தது. நேரம் எங்கே வீணாகிறது என்று அங்கே அளந்த பதிவை யிட்கா தன் லேப்டாப்பில் திறந்திருந்தாள். அதிக நேரம் தின்பதே அதில் மேலே வரும். முதல் வரியில், சர்வர் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக லுபோமிர் வருடக்கணக்கில் உழைத்து எழுதிய நிரல்துண்டு, அவனுடைய ஃபங்ஷன்.

"இன்னிக்குச் சரியாகலைன்னா உன் வேலை போச்சு."

லுபோமிர் வாதாடவில்லை. தன் ஃபங்ஷனை அடியோடு நீக்கி, புதிய கர்னலை வாடிக்கையாளருக்கு அனுப்பினான். மறுபடி அளந்தார்கள்.

முதல் வரியில் அதே பெயர்.

"நீக்கிட்டேன்னு எங்கிட்டயே கதை விடுறியா?"

"சத்தியமா நீக்கிட்டேன், யிட்கா!"

"அப்ப இது என்ன, அதோட ஆவியா? மேல கூப்பிடுறாங்க, போ."

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுக்க வந்தவன், அவள் திரையைக் குனிந்து பார்த்தான்.

"பதிவுல வெறும் எண்தானே இருக்கும்? பெயரெல்லாம் எந்தக் கர்னல்லேர்ந்து எடுத்தே?"

"வாடிக்கையாளரோட கர்னல் கோப்பு கிடைக்கல. என் லேப்டாப்ல இருக்கற பழைய கர்னலைக் கொடுத்தேன். ரெண்டோட அடையாள முத்திரையும் பொருந்தலேன்னுச்சு, பரவாயில்லைன்னு தள்ளிட்டேன்."

"அந்த ஊர்க் கதவு எண்ணுக்கு இந்த ஊர்க்காரன் பேரை ஒட்டியிருக்கே!"

தான் அனுப்பிய கர்னல் கோப்பை அவனே அதில் ஏற்றினான். இந்த முறை முத்திரை பொருந்தியது. பெயர்கள் எல்லாம் மாறின.

முதல் வரியில், போன வருடம் யிட்கா எழுதிச் சேர்த்த ஃபங்ஷன்.

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"ஆச்சு."

"அடையாள அட்டையை மேஜைல வெச்சுட்டுப் போ, லுபோ."